கரணை பிடித்த கை கையெழுத்துப் போடக்கூடாதா?

காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கின்றார்கள். அதாவது, ஒரு வாலிபன் ஒரு வேலையிடத்தில் பழகுநனாகச் சேர்ந்து, கூலியும் வாங்கிக்கொண்டு, அந்த வேலையையே பாடமாகப் படித்து, முடிவில் கட்டிடங்களை அளந்து சோதித்துச் சொல்லும் பட்டதாரியாக வெளியே வருவது நல்லதா, கெட்டதா என்பதேயாகும். இது அந்த ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டு விஷயம் மாத்திரமல்ல. நம் நாட்டில் கையால் வேலை செய்கிறவன் ஒரு பக்கமும், கையெழுத்துப் போடுகிறவன் ஒரு பக்கமுமாக நெடுநாளாக நிறுத்தப்பட்டிருக்கின்றார்களே, அந்தச் சுவர் இருக்க வேண்டுமா, இடிய வேண்டுமா என்கின்ற விஷயமாகும். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

விஷயம் இதுதான். பிளஸ் டூ தேறிய பிள்ளை. தகப்பனார் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். தாயார் தறி வேலை குறைந்த மாதங்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்குக் கட்டிட வேலையில் ஆசை. இதற்கு ஊரில் மூன்று விதமான அபிப்பிராயம் சொல்லுகின்றார்களாம். "நெசவாளி மகனுக்குத் தறி இருக்கக் கட்டிட வேலை எதற்கு?" என்பது முதல் அபிப்பிராயம். "படித்த பிள்ளை சாரம் ஏறிச் சிமெண்டுத் தூசியில் நிற்கலாமா? பட்டம் என்றால் காலேஜில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து வாங்குவதல்லவா?" என்பது இரண்டாவது. "ஜாக்கிரதை, வேலை செய்துகொண்டே படிப்பு என்பது பழைய குலக்கல்வியின் புது வேஷம்" என்பது மூன்றாவது. முதலாவது ஜாதிப் பித்து, இரண்டாவது கௌரவப் பித்து. மூன்றாவது மாத்திரம் நம்மவர்கள் சொல்லுவது. அதில் நியாயமான பயம் இருக்கின்றது. மூன்றுக்கும் பதில் சொல்லுவோம்.

இந்த வேலை என்ன வேலை?

சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளந்து கல் நடுகிறவர் என்றுதான் நம் ஜனங்களுக்குத் தெரியும். நாம் சொல்லுவது வேறு. கட்டி முடித்த கட்டிடத்தின் உடம்பைப் பார்த்து, எங்கே நோய், என்ன காரணம், என்ன மருந்து, என்ன செலவு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரே கட்டிடச் சர்வேயர். மனிதனுக்கு டாக்டர் எப்படியோ, சுவருக்கு இவர் அப்படி.

நெசவாளர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறிக்காக வீட்டுக்குள்ளேயே தரையைத் தோண்டிக் குழி வைத்திருக்கின்றார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் குழியில் ஊற்றெடுக்கின்றது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கின்றது. பாவு நமத்துப் போகின்றது. தறி நிற்கின்றது, கூலி நிற்கின்றது. அப்பொழுது வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுகின்றார்? வாஸ்து பார்க்கிறவரை! அவர் வந்து, திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டை இடம் மாற்றச் சொல்லுகின்றார். தெற்கு வாசலை அடைக்கச் சொல்லுகின்றார். மூலையில் ஏதோ ஒரு செப்புத் தகட்டைப் புதைக்கச் சொல்லுகின்றார். அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார். தெருச் சாக்கடைத் தண்ணீர் எங்கே போகின்றது? அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் வரி போட்டிருக்கின்றதா? கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழுகின்றதா? இந்த மூன்று கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவன் ஊரில் இல்லை.

சுவரில் ஒரு விரிசல் விழுந்தாலும் இதே கதைதான். ஏதோ தோஷம் என்று பயந்து கற்பூரம் கொளுத்துகின்றார்கள். படித்தவன் என்ன செய்வான்? விரிசல் நேரே இறங்குகின்றதா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகின்றதா, மேலே அகலமா கீழே அகலமா என்று பார்ப்பான். பிறகு விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதி வைப்பான். சில மாதம் கழித்துக் கண்ணாடி உடையாதிருந்தால் சுவர் நின்றுவிட்டது என்று பொருள். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகருகின்றது, அஸ்திவாரத்தைப் பார் என்று பொருள். காலணாப் பெறாத கண்ணாடித் துண்டு உண்மை சொல்லுகின்றது. ஆயிரக் கணக்கில் வாங்குகிற வாஸ்துப் பண்டிதர் சொல்லுவது பொய்யாகின்றது. வாஸ்துக்காரர் எந்தப் பரீட்சையில் தேறினவர்? அவர் பேச்சைக் கேட்டு இடித்த சுவர் விழுந்து ஆள் செத்தால் அவர் எந்தக் கோர்ட்டில் பதில் சொல்லுவார்? இதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்று கேட்கின்றோம்.

இது விளையாட்டு விஷயமல்ல தோழர்களே! 2004ஆம் வருஷம் ஜூலை 16ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போயின. 2014ஆம் வருஷம் ஜூன் 28ல், அப்பொழுது காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் ஒரேயடியாகச் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டிடத்தை 2016ல் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்து கல்லும் மண்ணும் சுமந்த ஏழைகள். இதற்கெல்லாம் தலைவிதி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதா? கட்டிடம் விழுவதற்குக் காரணம் உண்டு. காரணத்தை முன்கூட்டிப் பார்க்கும் வித்தையும் உண்டு. அந்த வித்தை தெரிந்தவர்கள் ஊருக்கு நான்கு பேர் இல்லாததுதான் விதி.

பாதி அறிவும் மற்றப் பாதி அறிவும்

நிற்க, இந்த வித்தையை எங்கே கற்பது? காலேஜ் பெஞ்சில் மாத்திரமா, சாரத்தின் மேல் மாத்திரமா?

ஒரு கொத்தனாரைப் பாருங்கள். மனை மூலையை நேராகப் பிடிக்க அவர் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகின்றதா என்று பார்க்கின்றார். ஏன் ஐந்து வர வேண்டும் என்று கேட்டால் "என் மேஸ்திரி சொன்னது" என்பார். காலேஜ் பிள்ளையைக் கேளுங்கள். கரும்பலகை முழுதும் எழுதி ஐந்துதான் வரும் என்று ருசுப்படுத்துவான். ஆனால் மனையில் நூல் கட்டச் சொன்னால் முளையை எங்கே அடிப்பது என்று விழிப்பான். ஒருவனிடம் காரணமில்லாத கை இருக்கின்றது. மற்றவனிடம் கையில்லாத காரணம் இருக்கின்றது.

கொத்தனாரின் அனுபவமே போதும் என்று முகஸ்துதி பேசவும் நாம் தயாரில்லை. கலவையில் தண்ணீர் தாராளமாக ஊற்றினால் இளகி வேலை சுளுவாகும், ஆகையால் ஊற்றுகின்றார்கள். ஆனால் அப்படி ஊற்றின தண்ணீர் கான்கிரீட்டின் பலத்தைக் குறைக்கின்றது. போட்ட கான்கிரீட்டை ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும்; இரண்டு நாளில் விட்டுவிடுகின்றார்கள். கம்பிக்கு மேல் போதிய கனம் விடாமல் பூசினால் ஈரம் உள்ளே போய், கம்பி துருப் பிடித்துப் பருத்து, மேலே இருக்கிற கான்கிரீட்டையே பிளந்து தள்ளுகின்றது. "எங்கள் காலத்திலிருந்து இப்படித்தான்" என்பது கோவிலில் சொன்னாலும் மூடநம்பிக்கைதான். சாரத்தில் சொன்னாலும் மூடநம்பிக்கைதான்.

ஆகவே இரண்டு பாதியும் ஓர் ஆளிடத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குத்தான் வேலையிடத்தில் பழகிக்கொண்டே பட்டம் படிக்கும் முறை. அதில் கேவலம் என்ன இருக்கின்றது? ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடாமல் ஒருவன் டாக்டராக முடியுமா? கட்டிடத்தைத் தொடாமல் கட்டிடப் பட்டதாரி ஆகலாம் என்பதுதான் கேவலம்.

கௌரவக்காரருக்குப் பதில்

பட்டம் என்றால் பெஞ்சில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்கிற கனவான்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காதா என்று ஏங்குகிற கிண்டி இன்ஜினியரிங் காலேஜின் பிறப்பைச் சற்று விசாரிக்கட்டும். 1794ஆம் வருஷம் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்கிற வான சாஸ்திரியின் யோசனையில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பிக்கப்பட்டது. சேர்ந்தவர்கள் 8 பிள்ளைகள். அனாதைப் பள்ளியிலிருந்து எடுத்து வந்தவர்கள். அவர்கள் பழகுநர்களாகச் சேர்ந்து, அளக்கக் கற்றுக்கொண்டு, வெயிலில் சர்வேயர்களோடு அலைந்து அளந்தார்கள். கம்பெனிக்காரன் இதைத் தர்மத்துக்காகச் செய்யவில்லை. வரி போட நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, செய்தான். ஆனால் அந்தப் பழகுநர் பள்ளிதான் 1859ல் காலேஜாகி, 1920ல் கிண்டிக்குப் போய், இன்று பெரிய மார்க்குக்காரர்கள் மாத்திரமே உள்ளே நுழையக்கூடிய மாளிகையாக நிற்கின்றது. வேலையிலிருந்து பிறந்த பிள்ளை வேலைக்காரனைக் கண்டு முகஞ் சுளிக்கலாமா?

இங்கிலாந்தில் என்ன நடந்தது? 1868ல் அங்கே சர்வேயர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1881ல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அங்கேயும் ஒரு சர்வேயரிடத்தில் சிஷ்யனாகச் சேர, தகப்பன் முன்பணம் கட்ட வேண்டும். பணமுள்ளவன் பிள்ளைதான் சர்வேயர். பிறகு, வேலையில் இருந்துகொண்டே தபால் மூலம் படிப்பதற்கென்று 1919ல் லண்டனில் ஒரு காலேஜ் ஏற்பட்டது. 2015 முதல் பழகுநர் வேலையோடு பட்டம் என்கிற ஏற்பாடே சட்டபூர்வமாக வந்தது. சர்வேயர் பட்டமும் அதில் ஒன்று. பழகுநனுக்குக் கூலி உண்டு. படிப்புச் சம்பளம் அவன் தலையில் இல்லை, முதலாளியும் சர்க்காரும் கொடுக்க வேண்டும். 2017 முதல் பெரிய முதலாளிகளின் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுனுக்கு மேற்பட்டால், நூற்றுக்கு அரை வீதம் இதற்காக வசூலிக்கின்றார்கள். வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு படிப்புக்கு என்றும் அன்று விதி செய்தார்கள்.

வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. முன்பணம் கட்டினவனுக்கு மாத்திரம் இருந்த வாசல், கூலி வாங்குகிறவனுக்கும் திறக்க முடியும் என்பதற்கு அது ருசு. அவ்வளவுதான்.

ஜாதிக்காரருக்குப் பதில்

"நெசவாளி மகனுக்குக் கட்டிட வேலை எதற்கு?" என்கிறவர்களைக் கேட்கின்றோம். தறியை மகனுக்கு விட்டுவைக்க அந்தத் தகப்பனாருக்கு என்ன மிச்சம் இருக்கின்றது? வாங்கின முன்பணமா? பட்டும் ஜரிகையும் ஒருவனுடையது, உழைப்பு மாத்திரம் இவருடையது. இதைப் பரம்பரைச் சொத்து என்று சொல்லுவது கடனை நகை என்று சொல்லுவதல்லவா? நெசவு உயர்ந்த வித்தைதான். எந்த ஜாதிப் பிள்ளையும் ஆசைப்பட்டால் அதைக் கற்கட்டும். நெசவாளி மகன் ஆசைப்பட்டால் அதை விடட்டும். தறி அவன் காலில் கட்டின கட்டையாக இருக்கக்கூடாது.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோவிலில் ஒரு சங்கீத மண்டபம் இருக்கின்றது. விஜயநகரத்து மந்திரி இருகப்பர் 1387ஐ ஒட்டிக் கட்டுவித்தது. கூரையில் தீர்த்தங்கரர்களின் சரித்திரத்தைச் சித்திரமாக எழுதியிருக்கின்றார்கள். 1934ல் டி. என். இராமச்சந்திரன் அந்தக் கோவில்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கட்டுவித்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும். கல்லைத் தூக்கி நிறுத்திச் சாயாமல் மட்டம் பார்த்தவன் பெயர் அந்த ஊரில் எவருக்காவது தெரியுமா? அறுநூறு வருஷத்துக்கு மேல் மண்டபம் நிற்கும்படி கணக்குப் போட்டவனுக்குப் பெயர் இல்லை. பணம் கொடுத்தவனுக்குப் பெயர். இன்றைக்கும் அப்படித்தானே? 2019ஆம் வருஷத்துக் கட்டிட விதிகளின்படி திட்டத்திலும் சான்றிலும் கையெழுத்துப் போடப் பதிவு பெற்றவர்களுக்குத்தான் அதிகாரம். அது நியாயமே, கண்டவனும் கையெழுத்துப் போடக்கூடாது. ஆனால் முப்பது வருஷம் சுவர் எழுப்பின கொத்தனாரும் அவர் பிள்ளையும் அந்தப் பதிவுப் புஸ்தகத்தில் ஏறுவதற்கு ஏணி எங்கே என்றுதான் கேட்கின்றோம்.

பிறப்பு வழியில் அடைபட்டிருந்த வித்தையைப் பொதுப் படிப்பாக்க முடியாது என்று யாராவது சொன்னால், மாமல்லபுரத்தைக் காட்டுகின்றோம். தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்து வந்த சிற்பமும் கோவிற்கட்டிடக் கலையும் 1957ல் அங்கே சர்க்கார் பள்ளியாகி, பின் காலேஜாகி, பட்டம் கொடுக்கும் பாடமாகிவிட்டன. கல்லுக்கு உளியின் கூர் தெரியுமே தவிர, உளி பிடித்தவனின் கோத்திரம் தெரியாது.

நம்மவர்களின் பயம்

இனி மூன்றாவது ஆட்சேபணை. 1953ல் இராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. நாடே எதிர்த்தது. 1954ல் அவர் போனார். காமராசர் வந்து அதை எடுத்தார். அந்தச் சூடு கண்டவர்கள் "தொழிலோடு படிப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே திடுக்கிடுவது சகஜம், திடுக்கிடத்தான் வேண்டும். காஞ்சிபுரத்துக்காரருக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கோர்வை போட்டு நெய்யும்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு துணை ஆள் வேண்டும். அந்த இடத்தில், தகப்பன் வாங்கின முன்பணத்துக்காக எத்தனை குழந்தைகள் உட்கார வைக்கப்பட்டார்கள்! அதற்கும் "தொழில் பழகுகின்றான்" என்றுதானே பெயர் சொன்னார்கள்? 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு பின்வாசல் வைத்தே திருத்தினார்கள்.

2023ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்கிற பெயரில், குடும்ப வழியாகச் செய்து வரும் 18 தொழில்களுக்கு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வயது 18 போதும். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாட்டு சர்க்கார் கேட்டு, கிடைக்காமற் போகவே 2024ல் அத்திட்டம் வேண்டாம் என்றது. 2025ல் பிறப்பு பாராமல் 25 தொழில்களுக்கு வேறு திட்டம் ஆரம்பித்தது. யார் கொண்டுவந்தது என்பதல்ல நமக்கு முக்கியம். 18 வயதில் ஒரு பிள்ளை காலேஜ் வாசலில் நிற்கும்பொழுது, "உன் தகப்பன் தொழிலுக்குப் பணம் தருகின்றேன், திரும்பிப் போ" என்று சொல்லுவது உதவியா, வழிமறிப்பா என்பதே கேள்வி.

ஆனால் தோழர்களே, பயத்துக்கும் அளவுகோல் வேண்டும். 1953ஆம் வருஷத்துத் திட்டத்தில் கெட்டது எது? பிள்ளை கையால் வேலை செய்ததா? அல்ல. குழந்தையின் படிப்பைப் பிடுங்கியது கெட்டது. பிறந்த வீட்டுத் தொழில்தான் என்று கட்டியது கெட்டது. அதன் முடிவில் மேலே ஏறும் படி இல்லாதது கெட்டது. இந்த மூன்றும் இல்லாமல், பள்ளிப் படிப்பு முழுதும் முடித்தவன், தானே தேர்ந்தெடுத்த தொழிலில், பட்டத்தில் போய் முடியும் வழியில் பழகினால் அது குலக்கல்விக்கு நேர் விரோதமானது. கொத்தனார் மகன் கொத்தனாராகவே இரு என்பது குலக்கல்வி. நெசவாளி மகளும் கொத்தனார் மகனும் கட்டிடத்தைச் சோதித்துக் கையெழுத்திடும் அதிகாரியாகலாம் என்பது குலக்கல்வியின் சாவு. இரண்டும் ஒன்று போல் தோன்றினால் பார்க்கிற கண்ணில்தான் கோளாறு.

சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

இதனால் இன்றுள்ள பழகுநர் ஏற்பாடு யோக்கியமானது என்று சொல்லிவிட்டதாக எவரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டுப் பழகுநர் சட்டம் 1961ஆம் வருஷத்தது. 1973ல் இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் டிப்ளமாக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது விதி. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், 2007 திருத்தத்தால் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் உண்டு. இதுவரை சரி.

ஆனால் அதே சட்டம், பழகுநன் பயிற்சி பெறுகிறவனே தவிரத் தொழிலாளி அல்ல என்கின்றது. பயிற்சி முடிந்த பின் அவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2019ஆம் வருஷத்து விதிகளில் உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என்று குறைந்த அளவு வைத்தார்கள். ஒரு சித்தாளுக்கு மாதக் கூலி என்ன என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்! சாரம் சரிந்தால் தொழிலாளி மண்டையும் பழகுநன் மண்டையும் வேறு வேறு விதமாகவா உடைகின்றன? ஆளை வேலைக்கு வாங்கி, பெயரை மாத்திரம் மாணவன் என்று எழுதி, டீ வாங்கவும் சிமெண்டு மூட்டை எண்ணவும் வைத்து, வருஷம் முடிந்ததும் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவனைச் சேர்த்துக்கொள்ளுகிற முதலாளிக்கு இந்த ஓட்டைகள் அரண்மனை வாசல்.

பல்கலைக்கழக மானியக் குழு 2020ல் பட்டப்படிப்புக்குள்ளேயே பழகுநர் பயிற்சியைச் சேர்க்க வழிமுறை வெளியிட்டது. கேட்க நன்றாக இருக்கின்றது. ஆனால் படிப்புச் சம்பளத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று பழகுநர் சட்டம் சொல்லவில்லை. அன்றியும், நம் ஊரில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடத்தில் ஐந்து பேர், பத்துப் பேர்தான் வேலை செய்கின்றார்கள். கட்டாயமோ 30 பேர் முதல். அப்படியானால் கட்டிடத் தொழில் நடக்கிற இடம் ஒன்று, சட்டம் நிற்கிற இடம் வேறு என்றாகின்றது.

இவ்வளவு பேரிலும் அதிகம் வஞ்சிக்கப்பட்டவர்கள் பெண்கள். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து சாரம் ஏறுகிற சித்தாள் இருபது வருஷம், முப்பது வருஷம் அதே சட்டியோடு கிழவியாகின்றார். கூடவே வந்த பையன் இரண்டொரு வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனாராகின்றான். அந்த அம்மாள் ஒவ்வொரு செங்கல்லையும் எடுத்துக் கொடுத்தவர். எந்தக் கல் வெந்தது, எந்தக் கல் வேகாதது என்று தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியவர். அவர் கையில் கரணையைக் கொடுத்தால் சுவர் நிற்க மாட்டேன் என்று சொல்லுமா? ஆண் பிள்ளைக்கு மாத்திரம் ஏணி வைத்து, அதன் அடியில் பெண்ணைக் கல் சுமக்க வைக்கும் எந்தத் திட்டமும் நமக்குத் திட்டமாகாது.

நாம் கேட்பது என்ன?

1. பள்ளிப் படிப்பு முடியாத எந்தப் பிள்ளையையும் பழகுநர் என்ற பெயரால் வேலையில் வைக்கக்கூடாது. குடும்பத் தொழில் என்கிற பின்வாசலும் அடைக்கப்பட வேண்டும்.

2. கட்டிடச் சோதனை, அளவை, மராமத்து ஆகியவற்றில் வேலையோடு படிக்கும் பட்டம் நம் பல்கலைக்கழகங்களில் ஏற்பட வேண்டும். அதற்குத் தகப்பன் தொழில் கேட்கப்படக்கூடாது. இட ஒதுக்கீடு முழுதும் நடக்க வேண்டும்; பாதி இடம் பெண்களுக்கு.

3. பழகுநனுக்குக் குறைந்த கூலிச் சட்டப்படி உள்ள கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கூலியோடு படிப்புக்கு விட வேண்டும். படிப்புச் சம்பளம் பெரிய கட்டிட முதலாளிகளிடம் வசூலித்த நிதியிலிருந்து வர வேண்டும்.

4. பாடம் தமிழில் இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவில் இன்ஜினியரிங்கைத் தமிழில் ஆரம்பித்தது. முடியாது என்று இனி எவரும் சொல்ல முடியாது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் நம் கொத்தனார் வாயில் இருக்கிற சொற்கள். அவை பாடப் புஸ்தகத்தில் ஏறினால் புஸ்தகத்துக்குத்தான் பெருமை.

5. பத்து வருஷம் வேலை செய்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த அனுபவத்தைப் பரீட்சித்து, படிப்பில் கழித்துக் கொடுக்க வேண்டும். 1994ல் ஏற்பட்ட கட்டிடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துள்ளவர்களிடமிருந்தே இதை ஆரம்பிக்கலாம்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவது

சர்க்கார் இதெல்லாம் செய்யும் வரையில் அந்தத் தம்பி சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்றே இருக்கிற படிகளைத் தெரிந்துகொள்ளட்டும். ஐ.டி.ஐ.யில் சர்வேயர், சிவில் வரைவாளர் படிப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து டிப்ளமாவுக்கும், டிப்ளமாவிலிருந்து நேரே பி.இ. இரண்டாம் வருஷத்துக்கும் போகலாம். டிப்ளமா முடித்து வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாக பி.இ. படிக்கச் சில சர்க்கார் காலேஜ்களில் இடம் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் காலேஜ்களில் நூற்றுக்கு ஏழரை இடம் 2021 முதல் ஒதுக்கப்பட்டிருக்கின்றது; படிப்புச் சம்பளத்தையும் சர்க்காரே கட்டுகின்றது. தெரியாததால் இழந்தவர்கள் நம்மில் அதிகம்.

யாராவது முதலாளி பழகுநனாக வா என்று கூப்பிட்டால் நான்கு கேள்வி கேட்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, சட்டப்படி பதிவாகுமா? உதவித்தொகை என் பாங்குக் கணக்கில் வருமா? எந்த எந்த வேலை, எத்தனை மாதம், யார் சொல்லிக்கொடுப்பது? முடிவில் கிடைக்கிற சான்று அடுத்த படிப்புக்குச் செல்லுமா? நான்குக்கும் பதில் வந்தால் சேரட்டும். "சேர்ந்து பார், அப்புறம் பேசலாம்" என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடட்டும்.

ஆகவே, திருப்பருத்திக்குன்றத்துத் தோழர்களே! தறியில் உட்கார் என்பவரிடமும் சாரம் ஏறாதே என்பவரிடமும் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளை சாரமும் ஏறுவான், கையெழுத்தும் போடுவான். அவன் தங்கையும் அப்படியே செய்வாள். படித்துத் திரும்பி வந்ததும் அவன் முதன்முதல் சோதிக்க வேண்டிய கட்டிடம் தன் வீட்டுத் தறிக்குழியாக இருக்கட்டும். ஊற்று எங்கிருந்து வருகின்றது என்று கண்டுபிடித்து, அடைக்க வழி எழுதி, கீழே தன் பெயரைப் போடட்டும். ஊரில் அதற்குப் பிறகும் வாஸ்துக்காரரைத் தேடுகிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு அந்தக் காய்ந்த குழியைக் காட்டுங்கள். நம் பத்திரிகையைக் கூடக் காட்ட வேண்டியதில்லை.